விழா பெண்களை நேசிக்கிறது

தென்மேற்கு பிரான்ஸில், ஷராந்த் ஆற்றுக்கு மேலே ஒரு குன்றில் இருக்கிறது அங்குலேம். காமிக்ஸுக்கென்றே நேர்ந்துவிட்ட ஊர். தெருப் பெயர்ப் பலகைகள்கூட வசனக் குமிழி வடிவத்தில்தான் இருக்கும். டின்டினைப் படைத்த எர்ஜேயின் பெயரில் ஒரு தெரு, அதில் அவருக்கு மார்பளவுச் சிலை. 1974 முதல் ஜனவரிக் குளிரில் இங்கே சர்வதேச காமிக்ஸ் விழா நடந்து வந்தது. ஊரெல்லாம் கூடாரம். பிடித்த ஓவியரிடம் ஒரு கையெழுத்தும், கூடவே ஒரு குட்டிப் படமும் வாங்க வாசகர்கள் கால் கடுக்க வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் பெண்களும் நிற்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நுழைவுச் சீட்டு வாங்குவதில் ஆண், பெண் பேதமே கிடையாது. காசு என்று வந்துவிட்டால் விழாவைப் போல ஒரு சமத்துவவாதியைப் பார்க்க முடியாது.

பரிசு என்று வரும்போதுதான் அதற்குக் கண் மங்கிவிடும்.

அங்குலேமின் தலைப் பரிசு கிராண்ட் பிரி. ஒரு புத்தகத்துக்கு அல்ல, வாழ்நாள் உழைப்புக்குத் தருவது. வாங்கியவர் அடுத்த ஆண்டு விழாவுக்குச் சுவரொட்டி வரைவார், அவருக்குத் தனிக் கண்காட்சியும் உண்டு. 2016ஆம் ஆண்டுக்கான பெயர்ப் பட்டியலை ஜனவரி முதல் வாரத்தில் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கச் சலித்து, புடைத்து, பொறுக்கி எடுத்த 30 பெயர்கள். முப்பதும் ஆண்கள்.

தவறியும் ஒரு பெண் உள்ளே வந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முப்பது பேரை அள்ளியிருந்தால்கூட ஒன்றிரண்டு பெண்கள் கையில் சிக்கியிருப்பார்கள். ஒருத்திகூடச் சிக்காமல் எடுப்பதற்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பார்க்காமல் இருக்கும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். அது 42 விழாக்கள் நடத்திப் பழகிய கைக்குத்தான் வரும். அந்த 42 விழாக்களில் கிராண்ட் பிரி வாங்கிய பெண் ஒரே ஒருவர்: ஃப்ளோரான்ஸ் செஸ்தாக், 2000ஆம் ஆண்டில். ஆயிரம் ஆண்டுக்கு ஒருத்தி என்று கணக்கு வைத்திருந்தார்களோ என்னவோ.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு விழாவின் நிர்வாகத் தலைவர் ஃபிராங்க் போந்தூ அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார். காமிக்ஸ் வரலாற்றில் பெண்கள் குறைவாம். வருத்தம்தானாம், ஆனால் அதுதான் நிஜமாம். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் பெண் ஓவியர்கள் குறைவாகத்தானே இருக்கிறார்கள் என்றார். இதோடு வாயை மூடியிருக்கலாம். விழாத் தரப்பிலிருந்து ஒரு விளக்க அறிக்கையும் வந்தது. அதன் தலைப்பு சொன்ன சேதி இது: விழா பெண்களை நேசிக்கிறது, ஆனால் காமிக்ஸ் வரலாற்றைத் திருத்தி எழுத அதனால் முடியாது.

நேசிக்கிறதாம்! உங்கள் நேசத்தை இங்கே யார் கேட்டு மனுப் போட்டார்கள்? கேட்டது பட்டியலில் ஒரு வரி. முப்பது வரியில் ஒரு வரி.

லூவ்ர் உதாரணத்துக்குத் தனியாக ஒரு பரிசே தர வேண்டும். பாரிஸின் நுண்கலைக் கல்லூரி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது 1897இல்தான். அதுவரை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பிற்பாடு அருங்காட்சியகச் சுவரைச் சுட்டிக்காட்டி, பாருங்கள், பெண்கள் வரையவே காணோம் என்கிறார்கள். இலை போடாமல் பந்திக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, "பாவம், இவங்களுக்குப் பசியே எடுக்கல போல" என்று பாயசத்தை உறிஞ்சும் பெரிய மனிதர்களை நமக்கும் தெரியும்தானே?

சரி, வரலாறு என்றார்கள். அதையே புரட்டுவோம். ஒரு வரியும் திருத்த வேண்டாம், அச்சில் இருப்பதை இருக்கிறபடி படித்தால் போதும்.

1972இல் மூன்று பேர் சேர்ந்து 'லெக்கோ தெ சவான்' என்ற இதழைத் தொடங்கினார்கள். குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிரெஞ்சுக் காமிக்ஸைப் பெரியவர்கள் கைக்குக் கொண்டுபோன இதழ்களில் ஒன்று அது. அந்த மூவர் கோத்லிப், மந்த்ரிகா, கிளேர் பிரெத்தேஷே. கோத்லிப்புக்கு 1991இல் கிராண்ட் பிரி கிடைத்தது. மந்த்ரிகாவுக்கு 1994இல். மூன்றாமவர் பெண். அவருக்கு 1983இல், விழாவின் பத்தாம் ஆண்டை ஒட்டி ஒரு சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். அதே ஆண்டு அசல் கிராண்ட் பிரி போனது ஜான்-குளோத் ஃபொரெஸ்துக்கு. யார் அவர்? கிரகத்துக்குக் கிரகம் ஆடை நழுவிக்கொண்டே போகும் 'பார்பரெல்லா'வைப் படைத்தவர். ஆண் வரைந்த பெண்ணுக்குத் தலைப் பரிசு, வரைந்த பெண்ணுக்கு ஆண்டு விழா நினைவுப் பரிசு. இதைவிடத் தெளிவாக ஒரு விழா தன் மனசைத் திறந்து காட்ட முடியாது.

பிரெத்தேஷே லேசுப்பட்ட ஆளும் இல்லை. 'லே ஃப்ருஸ்த்ரே' என்ற அவருடைய தொடர் 1973 முதல் 'லெ நூவெல் ஒப்செர்வத்தூர்' வார இதழில் வந்தது. சோபாவில் சரிந்து கிடந்தபடி புரட்சி, விடுதலை, உறவுச் சிக்கல் என்று அரற்றிக்கொண்டே இருக்கும் நடுத்தர வர்க்கத்து அறிவாளிகள்தான் அவருடைய ஆட்கள். தொங்கிய தோளும் நீண்ட மூக்குமாக நாலே கோட்டில் அவர்களை உட்கார வைத்துவிடுவார். பல கட்டங்களில் யாரும் அசையக்கூட மாட்டார்கள். கடைசிக் கட்டத்தில் மானம் போய்விடும். தத்துவவாதி ரோலான் பார்த் அவரைச் சிறந்த சமூகவியலாளர் என்றே புகழ்ந்தார். 2020 பிப்ரவரியில் பிரெத்தேஷே இறந்தார். அந்த முப்பது பெயர்ப் பட்டியல் வந்தபோது உயிரோடுதான் இருந்தார். வரலாற்றில் பெண்கள் குறைவு என்ற செய்தியைக் காலைப் பத்திரிகையில் அவரும் படித்திருக்கலாம்.

அடுத்த பக்கத்துக்குப் போவோம். 1976இல் 'ஆ! நானா' என்று ஓர் இதழ் வந்தது. நடத்தியவர்கள் பெண்கள், எழுதியவர்களும் வரைந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். பிரான்ஸின் ஷாந்தால் மொந்தெலியே அதில் வரைந்தார், அமெரிக்காவின் ட்ரீனா ராபின்ஸ் வரைந்தார். 'மெத்தால் ஊர்லான்' இதழை நடத்திய அதே பதிப்பகம்தான் இதற்கும். 1978இல் ஆபாசம் என்று முத்திரை குத்தி, சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. சிறார் வெளியீடுகளுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டம் கைவசம் இருந்தது. அந்தத் தடை விழுந்த இதழைக் கடை முகப்பில் தொங்கவிட முடியாது. தொங்காத இதழ் விற்காது. ஒன்பதாவது இதழோடு கதை முடிந்தது. 'மெத்தால் ஊர்லான்' 1987 வரை வந்தது. அதில் ஆண் பேனாவில் அவிழ்ந்த ஆடைகளை யாராவது எண்ணப் புகுந்தால் இந்த ஜென்மம் போதாது. அதெல்லாம் கலை. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே பேசினால் மட்டும் சிறுவர்கள் கெட்டுப்போவார்கள்.

கடையில் தொங்கவிடாதே என்றது சட்டம். நாற்பது ஆண்டு கழித்து, கடையில் இவர்களைப் பார்த்ததே இல்லையே என்கிறது விழா. ஒருவர் கழுத்தை நெரிக்க, இன்னொருவர் இரங்கற்பா வாசிக்கிறார். கச்சிதமான தொழில் பங்கீடு.

பழங்கதை வேண்டாம் என்றால் 2016 ஜனவரிக்கே வருவோம். அதே அங்குலேமில், அதே விழாவில் காமிக்ஸ் படைப்பாளிகளின் வாழ்நிலை பற்றிய ஓர் ஆய்வு வெளியானது. பதில் சொன்ன சுமார் 1,500 பேரில் 27 சதவீதம் பெண்கள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தபட்ச ஊதியத்தைக்கூட எட்டவில்லை. ஆண்கள் நிலையும் மெச்சும்படியாக இல்லை, ஆனால் இவ்வளவு மோசமில்லை. ஆக, நாலில் ஒருத்தர் பெண். பக்கம் வரைகிறார், கெடுவுக்குள் கொடுக்கிறார், விழாவுக்கு வந்து நாள் முழுக்க உட்கார்ந்து சம்பளமே இல்லாமல் வாசகருக்கு வரைந்தும் தருகிறார். வாடகை கொடுக்கத்தான் திண்டாட்டம். மேடைக்குக் கீழே இத்தனை பேர் இருக்கிறார்கள். மேடையில் நிற்பவருக்கு ஒருவரும் தெரியவில்லை.

பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லை, படிக்காதவர்கள் எப்படி வரைவார்கள் என்றொரு மகா ஞானமும் உலவுகிறது. இது பிரான்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. நம்மூரிலும் ஒரு பெண் காமிக்ஸை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தால், "பையனுக்காம்மா?" என்று வாஞ்சையாகக் கேட்பார்கள். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டால் போச்சு, அங்கேயே நுழைவுத் தேர்வு. இரும்புக்கை மாயாவியோட நிஜப் பேர் என்ன? டெக்ஸ் வில்லரோட கூடவே சுத்துற கிழவர் யாரு? ஆண் வாசகரிடம் ரசனைக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வந்தபோது அதன் நாயகி மாடஸ்டி. துப்பாக்கி பிடித்த பெண்ணை அன்றைக்கே கொண்டாடிய ஊர் நம்முடையது. புத்தகம் பிடித்த பெண்ணைக் கண்டால்தான் சந்தேகம் வருகிறது.

ஜப்பானில் 1975 டிசம்பரில் 'காமிக் மார்க்கெட்' என்ற சந்தையை முதன்முதலில் நடத்தினார்கள். ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்ததைத் தாங்களே விற்கும் சந்தை. முதல் நாள் வந்தவர்கள் சுமார் 700 பேர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுமிகளும் இளம்பெண்களும், பெண் ஓவியர் மோட்டோ ஹாகியோ போன்றவர்களின் வாசகிகள். பின்னால் லட்சக்கணக்கில் கூட்டம் திரண்ட அந்தச் சந்தைக்கு அடிக்கல் போட்டவர்கள் இந்த ரசிகைகள். 1978இல் அதே நாட்டில் ரூமிகோ தகஹாஷி வரைய வந்தார். இன்று அவர் புத்தகங்கள் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. 2016இன் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. ஒரு நாட்டு மக்கள்தொகை அளவுக்குப் புத்தகம் விற்ற ஒருவரைக் கவனிக்காமல் விடுவதென்றால், அதற்கும் ஒரு தவம் வேண்டும்.

சில புத்திசாலிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பெண்களுக்கென்று ஓர் இளஞ்சிவப்பு அலமாரி: காதல், கைப்பை, உடம்பு இளைப்பது எப்படி. அங்கே வைத்துவிட்டால் மற்ற அலமாரிகளின் கற்பு கெடாது. பிரஸ்ஸல்ஸில் பெண்கள் காமிக்ஸ் என்ற பெயரில் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தபோது, பெண் படைப்பாளிகள் நூறு பேருக்கு மேல் திரண்டு, நாங்கள் ஒரு கதை வகை அல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். 2015இல் காமிக்ஸ் துறையின் பாலினப் பாகுபாட்டை எதிர்க்கும் கூட்டமைப்பாகவும் ஆனார்கள். அங்குலேம் பட்டியல் வந்த உடனே கிராண்ட் பிரி வாக்கெடுப்பைப் புறக்கணியுங்கள் என்று அறைகூவியது அந்தக் கூட்டமைப்புதான்.

விழா எதிர்பாராத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. பட்டியலில் இருந்த ஆண்களே கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். முதலில் ரியாத் சத்தூஃப். பிறகு டானியல் க்ளோஸ், சார்லஸ் பர்ன்ஸ், ஜோவான் ஸ்ஃபார் என்று வரிசையாக. மிலோ மனாராகூட விலகினார். 2014இல் மார்வலின் ஸ்பைடர்-வுமன் இதழுக்கு ஒரு மாற்று அட்டை வரைந்தாரே, அவர்தான். உடம்பில் உடை இருக்கிறதா, வெறும் சாயம்தான் பூசியிருக்கிறதா என்று தெரியாதபடி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வீராங்கனை கூரைமேல் ஏறும் படம். உலகெங்கும் வாசகிகள் காறித் துப்பினார்கள். மனாராவுக்கே கூச்சம் வந்துவிட்டதென்றால் அந்தப் பட்டியல் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விழா தடுமாறியது. முதலில் ஆறு பெண்களைச் சேர்க்கிறோம் என்றது: லிண்டா பாரி, ஜூலி தூசே, மோட்டோ ஹாகியோ, ஷாந்தால் மொந்தெலியே, மர்ஜானே சத்ராபி, போஸி சிம்மண்ட்ஸ். ஆறு பேரும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிலர் நாற்பது ஆண்டுக்கு முன்பே வரையத் தொடங்கியவர்கள். சத்ராபியின் ஈரான் நினைவுகள் தமிழிலேயே வந்து, நம் வாசகர்கள் கையிலேயே புழங்குகின்றன. வரலாற்றில் இல்லாத பெண்கள் இரண்டே நாளில் ஆறு பேராக முளைத்ததைப் பார்த்தால், திருத்தி எழுதுவது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை போலிருக்கிறது. அதற்கும் ஏச்சு விழவே, பட்டியலே வேண்டாம், படைப்பாளிகள் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கட்டும் என்று கையைக் கழுவியது. வாக்களித்தார்கள். இறுதி மூவரில் ஒருவராக வந்தவர் கிளேர் வெண்ட்லிங். முப்பதிலும் இல்லாத பெயர், அவசரமாக ஒட்டிய ஆறிலும் இல்லாத பெயர்.

பரிசு எர்மானுக்குப் போனது. நம்மவர்களுக்குத் தெரிந்தவர்தான், 'கேப்டன் பிரின்ஸ்' கதைகளின் ஓவியர். அவர் திறமைமேல் யாருக்கும் வழக்கில்லை. அதே விழாவில், புத்தகங்களுக்கான பரிசளிப்பு மாலையில் இன்னொரு கூத்தும் நடந்தது. தொகுப்பாளர் மேடையேறிச் சில புத்தகங்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். பெயர் வந்தவர்கள் சந்தோஷப்பட்டு முடித்ததும், சும்மா தமாஷ், நிஜப் பரிசு இனிமேல்தான் என்றார். இல்லாத பரிசை மேடையிலேயே படைக்கும் அளவுக்குக் கற்பனை வளம் இருக்கிறது. இருக்கிற பெண்களைப் பார்க்கத்தான் வரலாற்றின் அனுமதி தேவைப்பட்டது.

சத்தூஃப் சொன்னதை இங்கே சொல்லியாக வேண்டும். விலகும்போது, என் இடத்தை இவர்களுக்குக் கொடுங்கள் என்று ஐந்து பெயர்களை எழுதினார்: ரூமிகோ தகஹாஷி, ஜூலி தூசே, அனூக் ரிக்கார், மர்ஜானே சத்ராபி, காத்ரின் மொரீஸ். கூடிப் பேசவில்லை, குழு அமைக்கவில்லை, மனசில் பட்டதை எழுதியிருந்தார். 2019இல் கிராண்ட் பிரி தகஹாஷிக்கு. 2022இல் தூசேவுக்கு. 2025இல் ரிக்காருக்கு. மொரீஸ் 2020இல் பிரான்ஸின் நுண்கலை அகாதெமிக்குத் தேர்வானார்; காமிக்ஸிலிருந்து அங்கே போன முதல் ஆள் அவர்தான். சில ஆண்டுகளில் சத்ராபியும் அதே அகாதெமிக்குப் போனார். ஐந்துக்கு ஐந்து. நிபுணர்கள் உட்கார்ந்து யோசித்துத் தயாரித்த பட்டியலில் கிடைக்காதது, தனி மனிதர் கைவாக்கில் எழுதிய நாலு வரியில் கிடைத்தது.

அறிக்கையில் இன்னொரு சமாதானமும் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் சத்ராபியையும் சிம்மண்ட்ஸையும் பட்டியலில் வைத்துப் பார்த்தார்களாம், வாக்கு அதிகம் விழவில்லையாம். ஒருமுறை மழை பெய்யவில்லை என்று வானத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 2024இல் சிம்மண்ட்ஸ் கிராண்ட் பிரி வாங்கினார். அதுவும் படைப்பாளிகள் போட்ட வாக்குதான்.

அப்புறம் நேசம் என்ன ஆனது என்கிறீர்களா? ரிக்கார் பரிசு வாங்கிய அதே 2025 ஜனவரியில் இன்னொரு செய்தி வெளியானது. முந்தைய ஆண்டு விழாவின்போது தன்னைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள் என்று புகார் கொடுத்த ஊழியர் ஒருவரை, அப்போது விழாவை நடத்திய நிறுவனம் பின்னர் வேலையைவிட்டு நீக்கியிருந்தது. புகாருக்கும் நீக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்றது நிறுவனம். பெண்கள் வரைந்தார்கள் என்பதற்கு ஐம்பது ஆண்டுச் சான்று கேட்கிறவர்கள், தங்கள் சொல்லுக்கு மட்டும் எந்தச் சான்றும் வேண்டாம் என்கிறார்கள்.

படைப்பாளிகள் இந்த முறை வாக்கைப் புறக்கணிக்கவில்லை, விழாவையே புறக்கணித்தார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள், ஆண்களும் கையெழுத்துப் போட்டார்கள். கிராண்ட் பிரி வாங்கிய அனூக் ரிக்காரே 2026 விழாவுக்கு வரமாட்டேன் என்று அறிவித்தார். பதிப்பகங்கள் பின்வாங்கின. 53ஆவது விழா ரத்தானது.